ஆணைக்குக் காத்திராத சுரப்பி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிறப்பதற்கு முன் குழந்தைக்கு ஆக்சிஜன் குறைந்தால் அதன் ஹார்மோன்கள் எப்படிச் சுரக்கின்றன என்று சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தாய்மார்களுடையவை, பயத்தோடு எழுதப்பட்டவை. உடலியங்கியல் கற்பித்தவள், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். உங்களுக்கும் குழந்தைக்கும் என்ன சிகிச்சை என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான்.

கேள்வி: பிரசவத்தின்போது ஒவ்வொரு வலிக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி ஏறியது. 'ஆக்சிஜன் கொஞ்சம் குறைகிறது' என்றார் மருத்துவர். குழந்தை பிறந்தவுடன் நன்றாக அழுதது. இப்போது எட்டு மாதம், வீடு முழுக்கத் தவழ்கிறது. ஆனால் அந்த நேரத்தில் குழந்தையின் உடம்பில் அழுத்த ஹார்மோன்கள் கொட்டியிருக்கும், பாதிப்பு பிற்பாடுதான் தெரியும் என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் மூச்சை ஒழுங்காக விடாததுதான் காரணமா?

பதில்: ஹார்மோன்கள் கொட்டியிருக்கும் என்று அவர் சொன்னது சரி. அதை வைத்து உங்களைப் பயமுறுத்தியது சரியில்லை. அந்த ஹார்மோன்கள் சுரந்ததால்தான் உங்கள் குழந்தை அந்த நேரத்தைத் தாங்கியது.

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை எப்போதுமே குறைந்த ஆக்சிஜனில்தான் வாழ்கிறது. நம் தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 95 முதல் 100 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குள் நுழையும் மிகச் சிறந்த ரத்தத்திலேயே அது ஏறத்தாழ 30தான். உடலின் கீழ்ப்பகுதிக்குப் போகும் ரத்தத்தில் 20 முதல் 25 வரை இறங்கிவிடும். 2007-இல் எவரெஸ்டில் 8,400 மீட்டர் உயரத்தில் மலையேறிகள் தங்கள் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து அளந்தார்கள், சராசரி 24.6. கருவறைக்குள் ஓர் எவரெஸ்ட் என்று உடலியங்கியலாளர்கள் சொல்லிவருவது இதனால்தான். ஆனால் குழந்தைக்கு அது மூச்சுமுட்டும் உயரம் அன்று. அதன் ஹீமோகுளோபின் நம்முடையதைவிட ஆக்சிஜனை இறுகப் பற்றும். நம் ரத்தத்தில் ஆக்சிஜன் பாதி நிறைய 27 மி.மீ. தேவைப்படும்போது அதற்கு 20 போதும். இதயமும் வேகமாக, நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடித்து ரத்தத்தைச் சுற்றிவிடுகிறது.

பிரசவ வலி வரும்போது கருப்பைத் தசை இறுகுகிறது. அதன் ஊடாக வரும் ரத்தக்குழாய்கள் நெருக்கப்படுகின்றன. வலி நீடிக்கும் அந்தச் சிறிது நேரத்துக்கு நஞ்சுக்கொடிக்கு ரத்தம் குறைகிறது, வலி தளர்ந்ததும் மீண்டும் பாய்கிறது. வலியில் உங்கள் மூச்சு ஏறுமாறாக வந்திருக்கலாம்; எல்லோருக்கும் அப்படித்தான் வரும். இதயத்துடிப்பு இறங்கியதற்கு அதைக் காரணமாக்காதீர்கள். குழந்தையின் தலை அழுத்தப்பட்டாலும் துடிப்பு இறங்கும்.

ஆக்சிஜன் குறைந்ததைக் குழந்தையின் கழுத்துத் தமனியில் இருக்கும் உணர்விகள் முதலில் பிடிக்கின்றன. இதயம் நிதானமாகிறது, கைகால், குடல், சிறுநீரகம், தோல் ஆகியவற்றின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. மிச்சமாகும் ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் திரும்புகிறது. இதைத் தொடங்கிவைப்பது நரம்பு. தொடர்ந்து தாங்கிப்பிடிப்பவை ஹார்மோன்கள்: நார்அட்ரினலின், அட்ரினலின், மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் வாசோபிரஸின். பிறக்கும் நேரத்தில் குழந்தையின் ரத்தத்தில் நார்அட்ரினலின் அளவு பிரசவிக்கும் தாயின் அளவையே மிஞ்சும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஹூகோ லாகர்கிரான்ட்ஸ் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பெரியவர் ஒருவருக்கு அந்த அளவு ஆபத்து. பிறக்கும் குழந்தைக்கோ அது வெளியுலகத்துக்கான ஆயத்தம் என்று அவரும் அமெரிக்க ஆய்வாளர் தியோடர் ஸ்லாட்கினும் 1986-இல் எழுதினார்கள்.

இந்தத் தாங்குசக்திக்கும் எல்லை உண்டு. குறைபாடு ஆழமாக, நெடுநேரம் நீடித்தால் ரத்தத்தில் அமிலம் சேர்ந்து இதயமே தளரத் தொடங்கும். இதயத்துடிப்பைத் தொடர்ந்து கவனிப்பது அந்த எல்லை நெருங்குகிறதா என்று பார்க்கத்தான். பிறந்தவுடன் அழுது, எட்டு மாதத்தில் தவழும் குழந்தை அந்த எல்லையைத் தொட்டதற்கான எந்த அடையாளத்தையும் நீங்கள் எழுதவில்லை. தூங்குங்கள் அம்மா.

கேள்வி: நான் உயிரியல் மாணவன். நரம்பு வழியாகக் கட்டளை வந்தால்தான் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி அட்ரினலினை வெளியிடும் என்று படித்திருக்கிறேன். கருவில் நரம்புகள் முழுதாக வளர்வதற்கு முன்பே ஆக்சிஜன் குறைந்தால் கட்டளையிடுவது யார்?

பதில்: யாரும் இல்லை. சுரப்பி தானே உணர்ந்து தானே சுரக்கிறது. உடலியங்கியலில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நீங்கள் படித்தது பெரியவர்களுக்குப் பொருந்தும். நம் உடலில் நரம்பின் முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சிந்தினால்தான் அந்தச் செல்கள் விழித்துக்கொள்ளும். 1961-இல் கேம்பிரிட்ஜில் காம்லைன், சில்வர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்டுக் கருக்களில் சோதித்தபோது வேறு ஒன்றைக் கண்டார்கள். ஆக்சிஜன் தடைபட்டபோது, நரம்பின் துணை இல்லாமலே இளம் கருவின் அட்ரினல் சுரப்பி ஹார்மோனை வெளியிட்டது. பிறப்பு நெருங்க நெருங்க, நரம்பு வழியும் சேர்ந்துகொண்டது.

செல்லுக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஓய்வில் இருக்கும் செல்லிலிருந்து பொட்டாசியம் அயனிகள் சவ்விலுள்ள வழிகளின் மூலம் மெல்ல வெளியே கசிந்துகொண்டிருக்கும். நேர்மின் அயனிகள் வெளியேறுவதால் செல்லின் உட்புறம் எதிர்மின் தன்மையோடு இருக்கும். கருவின் செல்லில் இந்தப் பொட்டாசிய வழிகளுள் சில ஆக்சிஜனுக்குக் கட்டுப்பட்டவை. ஆக்சிஜன் குறைந்தால் மூடிக்கொள்ளும். குறைவை முதலில் அறிவது செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாதான் என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. வழிகள் மூடினால் கசிவு நிற்கிறது, உட்புற மின்னழுத்தம் மேலே ஏறுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் கால்சியம் வழிகள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்கிறது. உள்ளே நார்அட்ரினலினைச் சுமந்து காத்திருக்கும் நுண்பைகள் சவ்வோடு ஒட்டி, வெடித்து, வெளியே கொட்டுகின்றன.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். ஆய்வுக்கூடத்தில், புதிதாகப் பிறந்த எலிக்குட்டியின் அட்ரினல் செல் ஒன்றைக் கண்ணாடித் தட்டில் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கார்பன் இழையை அதன்மேல் படும்படி நிறுத்துவோம். ஒரு நுண்பை வெடித்தால் அதிலிருந்து வரும் ஹார்மோன் இழையின் முனையில் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஒரு சிறு மின்னோட்டம் எழும். திரையில் ஊசிபோல ஒரு கோடு. செல்லைச் சுற்றி சாதாரணக் கரைசல் ஓடும்வரை திரையில் கிட்டத்தட்ட நேர்கோடுதான். ஆக்சிஜன் நீக்கிய கரைசலைத் திறந்துவிட்டால், சற்று நேரத்தில் ஓர் ஊசி, பிறகு இரண்டு, பிறகு நெருக்கமாகக் கும்பலாக ஊசிகள். பழைய கரைசலை விட்டதும் மீண்டும் நேர்கோடு. நரம்பும் மூளையும் இல்லாத, தனியாகக் கிடக்கும் ஒரே ஒரு செல் இதைச் செய்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கும். வளர்ந்த எலியின் செல்லை வைத்து இதையே செய்யுங்கள். அது பேசாமல் கிடக்கும்.

காரணம், நரம்பு வந்து சேர்ந்து வேலையை ஏற்றுக்கொள்ளும்போது செல் தன் நேரடி உணர்வைக் கைவிடுகிறது. எலியில் இந்தக் கைமாற்றம் பிறந்த முதல் ஒன்றிரண்டு வாரங்களில் நடக்கிறது. ஆட்டில் பிறப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிடும். மனிதரில் படிப்படியாக முதிரும் ஏற்பாடு அது.

இன்னொரு விவரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறக்கும்போது குழந்தையின் அட்ரினல் அதன் சிறுநீரகத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு இருக்கும். நமக்கு முப்பதில் ஒரு பங்குதான். அந்தப் பருமனில் பெரும்பகுதி சுரப்பியின் வெளிப்புறப் பகுதி. பிறந்த சில வாரங்களில் அது வேகமாகச் சுருங்கிவிடுகிறது. மேலும், கருவில் நார்அட்ரினலின் சுரப்பது அட்ரினலில் மட்டும் இல்லை. வயிற்றுப் பெருந்தமனியின் ஓரத்தில் இதே வகைச் செல்களாலான இன்னொரு திரள் உண்டு. எமில் சுக்கர்கான்டல் அதை 1901-இல் விவரித்தார். குழந்தைப் பருவத்தில் அது தேய்ந்து மறைந்துவிடும்.

கேள்வி: என் கணவர் வீட்டுக்கு வெளியே நின்றுதான் புகைக்கிறார். நான் ஐந்து மாத கர்ப்பிணி. அதனால் குழந்தையின் ஹார்மோனுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்கிறார்.

பதில்: அவருக்கும் இதைப் படிக்கக் கொடுங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டால் அந்த அளவுக்கு ஆக்சிஜன் ஏற இடமில்லை. குழந்தையின் ஹீமோகுளோபினையும் அது விடாது. நிக்கோடின் செய்வது இன்னும் நுட்பமான கேடு. தாய் எலிக்குக் கர்ப்ப காலத்தில் நிக்கோடின் கொடுத்தபோது, பிறந்த குட்டிகளின் அட்ரினல் செல்கள் மேலே சொன்ன நேரடி உணர்வை உரிய காலத்துக்கு முன்பே இழந்திருந்தன. ஆக்சிஜன் குறைந்தபோது அவற்றால் ஹார்மோனைச் சுரக்க முடியவில்லை. மற்றக் குட்டிகளைவிட அதிகமாக இறந்தன. இவை தாய்க்கே நேரடியாக நிக்கோடின் கொடுத்த எலிச் சோதனைகள், உண்மை. ஆனால் புகைக்கும் தாய்மாரின் குழந்தைகளுக்குத் தூக்கத்திலேயே திடீர் மரணம் நேரும் அபாயம் அதிகம் என்பது மனிதரிலேயே நிறுவப்பட்டது. பிறந்த பிறகு குழந்தையைச் சுற்றி யார் புகைத்தாலும் அந்த அபாயம் கூடும். வெளியே நின்று புகைத்தாலும் சட்டையில், மூச்சில், கையில் ஒட்டி வருவது வருகிறது. ஐந்து மாதம் என்பது தாமதமில்லை. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மருத்துவர் உதவியோடு நிறுத்தலாம்.

கேள்வி: குழந்தை கால் கீழாக இருப்பதால் சிசேரியன் என்று முடிவாகிவிட்டது. வலி வராமலே எடுத்தால் நீங்கள் எழுதிய ஹார்மோன்கள் குழந்தைக்குக் கிடைக்காமல் போய்விடுமா? 38 வாரத்திலேயே எடுத்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: வலி காணாமல் எடுக்கும் குழந்தைகளுக்கு இந்த ஹார்மோன் எழுச்சி குறைவாகவே இருக்கும். அறவே இல்லாமல் போவதில்லை. வெளியே வந்ததும் படும் குளிரும் தொப்புள்கொடி துண்டிப்பும் கொஞ்சம் எழுப்பிவிடும்.

இதன் விளைவு முதலில் தெரிவது நுரையீரலில். வயிற்றுக்குள் இருக்கும்வரை நுரையீரல் நிறையத் திரவம். அதைச் சுரந்துகொண்டிருப்பதும் நுரையீரல்தான். அட்ரினலின் வந்ததும் நுரையீரலின் உட்சுவர்கள் திசை மாறுகின்றன: சோடியம் வழிகள் திறக்க, உப்பைப் பின்தொடர்ந்து திரவம் உள்ளே உறிஞ்சப்படுகிறது. நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பொருளும் அதே ஹார்மோனால் வெளிவிடப்படுகிறது. இந்த எழுச்சி குறைந்த குழந்தைகள் சிலருக்கு முதல் ஓரிரு நாள் மூச்சு வேகமாக இருக்கும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். சிலருக்குச் சில நாள் தீவிரக் கவனிப்பு தேவைப்படும்.

வாரம் முதிர முதிர அந்த வாய்ப்பு குறைகிறது. மருத்துவக் காரணம் ஏதும் இல்லாதபோது 39 வாரம் நிறைந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். ஒரு வாரம் முன்னதாக எடுப்பதில் குழந்தைக்கு என்ன லாபம் என்று வீட்டாரிடம் கேளுங்கள். மருத்துவர் அவசரம் என்று சொன்னால் அது வேறு; அப்போது அவர் சொல்வதே சரி.

கேள்வி: 32 வாரம். குழந்தையின் எடை குறைவாக இருக்கிறது. டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் சரியில்லை என்றார்கள். எனக்கு ஸ்டீராய்டு ஊசி இரண்டு போட்டார்கள். மாதக்கணக்கில் ஆக்சிஜன் குறைந்தால் குழந்தை என்ன செய்யும்? அந்த ஊசி கூடுதல் கேடா?

பதில்: சில நிமிடக் குறைவுக்கும் பல வாரக் குறைவுக்கும் குழந்தை வெவ்வேறு விதமாக ஈடுகொடுக்கிறது. நீண்ட காலக் குறைவில் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் கூடுகிறது. நமக்கு அதைச் சுரப்பது சிறுநீரகம். கருவில் முக்கியமாகக் கல்லீரல். அது சிவப்பணுக்களைப் பெருக்கும். ஆக்சிஜன் குறைந்ததைச் செல் அறிந்து எரித்ரோபாய்டின் மரபணுவை முடுக்கும் வழியைக் கண்டறிந்ததற்காகவே கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா ஆகிய மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே சமயம் நார்அட்ரினலின் கணையத்தைத் தடுப்பதால் இன்சுலின் குறைகிறது. கருவில் இன்சுலின் வளர்ச்சிக்கான ஹார்மோன். ஆகவே குழந்தை வளர்ச்சியை நிதானமாக்கிக்கொண்டு, உள்ளதை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்குகிறது. எடை குறைவாகவும் தலை ஓரளவு உரிய அளவிலும் இருப்பது இதனால்தான். நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்கள் ஆரம்ப மாதங்களில் சரியாக அமையாததே பெரும்பாலும் இதன் வேர்.

அட்ரினலின் வெளிப்புறப் பகுதி சுரக்கும் அழுத்த ஹார்மோனான கார்டிசால் விஷயம் சற்றுச் சிக்கலானது. கலிஃபோர்னியாவில் 3,820 மீட்டர் உயரத்தில் கர்ப்ப காலத்தின் பெரும்பகுதியைக் கழித்த ஆடுகளின் கருக்களில் அன்றாடக் கார்டிசால் அளவு கூடவில்லை; ஆனால் புதிதாக ஒரு நெருக்கடி வந்தபோது மற்றக் கருக்களைவிட அதிகமாகச் சுரந்தது. அளவுக்கு மேல் சுரந்துகொண்டே இருந்தால் வளர்ச்சி கெடும் என்பதால் அன்றாடம் அடக்கி வைத்து, வேண்டியபோது மட்டும் முழு வேகத்தில் திறக்கிறது சுரப்பி.

உங்களுக்குப் போட்ட ஊசி கேடில்லை. குழந்தை முன்கூட்டியே பிறக்க வேண்டிவந்தால் அதன் நுரையீரல் தயாராக இருக்க வேண்டும். பிறப்பு நெருங்கும்போது குழந்தையின் கார்டிசாலே செய்யும் அந்த வேலையை ஊசி முன்கூட்டிச் செய்கிறது. நியூசிலாந்தின் கிரகாம் லிகின்ஸ் 1969-இல் குறைமாத ஆட்டுக்குட்டிகளில் இதைக் கவனித்தார். ராஸ் ஹோவியுடன் சேர்ந்து தாய்மார்களிடம் நடத்திய ஆய்வை 1972-இல் வெளியிட்டார். தாயின் சாதாரணக் கார்டிசாலை நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்துவிடும். ஊசி மருந்து பெருமளவு அதைத் தாண்டிக் குழந்தையை அடையும். குறைமாதக் குழந்தைகள் எத்தனையோ பேர் இன்று உயிரோடு இருக்க இந்த ஊசி ஒரு முக்கியக் காரணம். அடுத்தடுத்த டாப்ளர் பரிசோதனைகளை மட்டும் ஒன்றுகூட விடாதீர்கள்.

கேள்வி: குழந்தைக்கு ஆக்சிஜன் கூடட்டும் என்று வீட்டில் சிலிண்டர் வாங்கி வைத்து மூச்சிழுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆரோக்கியமான தாயின் ரத்தம் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிறைந்திருக்கிறது. மேலும் ஏற்ற இடம் மிகக் குறைவு. வேகவேகமாக ஆழ்ந்து மூச்சிழுத்தாலும் பயனில்லை. கரியமிலவாயு குறைந்து கருப்பைக்கான ரத்த ஓட்டம் சுருங்கக்கூடும். ரத்தசோகை இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். கடைசி மூன்று மாதங்களில் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். இவை இரண்டும் சிலிண்டரைவிடப் பலன் தருபவை.

கேள்வி: ஹார்மோன் சுரப்பதை நாங்கள் பார்க்க முடியாது. குழந்தைக்கு ஆக்சிஜன் குறைகிறது என்று தாய் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அசைவைக் கவனியுங்கள். ஆக்சிஜன் குறையும்போது குழந்தை முதலில் சிக்கனம் பிடிப்பது அசைவிலும், வயிற்றுக்குள்ளேயே அது பழகும் மூச்சு அசைவுகளிலும்தான். இத்தனை முறை உதைக்க வேண்டும் என்று எல்லாக் குழந்தைக்கும் பொதுவான கணக்கில்லை. உங்கள் குழந்தையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்த வழக்கம் மாறினால் அதுவே செய்தி. கடைசி மாதத்தில் இடம் குறைவதால் அசைவு குறையும் என்று சொல்வார்கள். அது தவறு, அசைவின் தன்மை மாறலாம், நின்றுபோகக் கூடாது. வீட்டில் கருவி வைத்து இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். அசைவு குறைந்ததாகத் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நடு இரவாக இருந்தாலும், சென்ற வாரம் இதே காரணத்துக்காகப் போய் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்திருந்தாலும், மறுபடியும் போங்கள்.